ஆடுபுலி ஆட்டத்தில் தடுமாறிய தாத்தா!

"ஐயா, மாமாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு. வல்லாரை லேகியம் ஏதாவது குடுங்க."

பெரம்பலூரில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு மருமகள் இப்படிக் கேட்டார். அரியலூர் பக்கம் ஒரு கிராமம். மாமனாருக்கு எழுபது வயசு. பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு உழைத்த உடம்பு. 'வயசானா மறதி வரத்தானே செய்யும்' என்று நானும் லேகியம் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

கூட வந்த பேரன் குறுக்கிட்டான். "தாத்தா புலி வச்சா யாராலயும் ஜெயிக்க முடியாது. இப்ப ஒரே தாவுல ரெண்டு ஆட்டைத் தாண்டி வெட்டுறாரு. தப்புன்னு சொன்னா கோபப்படுறாரு."

பேனாவை வைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரண மறதி. ஐம்பது வருஷமாக ஆடிய ஆட்டத்தின் விதியே மறந்துபோவது வேறு சங்கதி!

மூன்று புலி, பதினைந்து ஆடு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உச்சியிலிருந்து விரியும் கோடுகள், அவற்றை வெட்டிப் போகும் குறுக்குக் கோடுகள். மொத்தம் 23 சந்திப்புகள். ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலியோ ஆரம்பத்திலிருந்தே நகரலாம். பக்கத்து ஆட்டுக்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால், தாவி வெட்டிவிடும்.

ஆட்டுக்கு வெட்டும் பலம் கிடையாது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நின்று புலிகளை அசையவிடாமல் அடைத்தால்தான் ஜெயிக்கும். நேபாளத்தில் இதே ஜாதி ஆட்டத்துக்கு 'பாக்சால்' என்று பெயர். அங்கே 4 புலி, 20 ஆடு.

மூளைக்கு என்ன வேலை?

எந்த ஆட்டுக்குப் பின்னால் இடம் காலி, இன்னும் எத்தனை ஆடு கையில் இருக்கிறது, எதிராளி அடுத்து என்ன செய்வான்... எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். ஞாபகம், கவனம், பொறுமை மூன்றுக்கும் பயிற்சி.

நியூயார்க்கில் 75 வயசைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பலகை விளையாட்டு, வாசிப்பு, இசைக்கருவி, நடனம் என்று ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. அதற்காக, ஆடினால் நோயே வராது என்று அர்த்தமில்லை. மூளை நன்றாக இருப்பவர்களே அதிகம் ஆடியிருக்கவும் கூடும்.

தாத்தாவுக்கு என்ன ஆச்சு?

துருவிக் கேட்டேன். சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொள்கிறார், மலச்சிக்கல், குரல் கம்மல். முகம் உப்பியிருந்தது, நாடி மந்தம். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தைராய்டு சுரப்பு ரொம்பவும் குறைந்திருந்தது! ஆங்கில மருத்துவரிடம் அனுப்பி மாத்திரை தொடங்க வைத்தேன்.

நாலு மாதம் கழித்து வந்தவரிடம் பழைய சுறுசுறுப்பில் முக்கால்வாசி திரும்பியிருந்தது. "இப்ப சரியாத்தான் வெட்டுறாரு" என்றான் பேரன். லேகியத்தை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால்? நினைக்கவே சங்கடமாக இருக்கிறது.

வீட்டில் கவனிக்க...

* பழகிய வேலையில், பழகிய ஆட்டத்தில், பணம் எண்ணுவதில் பெரியவர்கள் புதிதாகத் தடுமாறினால் 'வயசுக் கோளாறு' என்று விடாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு போன்றவை காரணமானால் சிகிச்சை உண்டு.

* கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகு மறதியோ குழப்பமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

* தப்பாக ஆடினால் கேலி செய்யாதீர்கள். அடுத்த நாள் பலகைப் பக்கமே வரமாட்டார்கள்.

* மூட்டுவலிக்காரர்கள் தரையில் குந்த வேண்டாம். அட்டையில் கோடு போட்டு மேஜைமேல் வைத்து ஆடலாம்.

* ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கழற்சிக்காய் போதும். ஆனால் குட்டிக் குழந்தைகள் எடுத்து மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும். ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் டி.வி.யையும் செல்போனையும் அணைத்துவிட்டுத் தாத்தா பாட்டியோடு பிள்ளைகளை உட்கார வையுங்கள். அந்தப் பேரன் தினமும் எதிரே உட்கார்ந்ததால்தானே, வீட்டில் யாருக்கும் தெரியாதது அவன் கண்ணில் பட்டது!