இரட்டைப் பிள்ளைகளும் இரண்டு பதிவுகளும்

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்வோர் முதலில் நோக்குவது, வந்த சரக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வரவு உண்டா என்பதே. இரண்டு கட்டு நூல் வந்திருக்க ஒன்றுக்கே வரவு வைத்தால், மற்றொன்று இருந்தும் இல்லாததாகிவிடும். நூலுக்கே இவ்விதி எனில், வீட்டில் பிறக்கும் இரட்டைப் பிள்ளைகளுக்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

இரட்டைக் கர்ப்பத்தில் மாதம் நிரம்பும் முன்னரே வலி காண்பது மிகுதி. வலி கண்டபின் கரியாலூர்ப் பக்கத்து மலைச் சிற்றூர்களிலிருந்து இறங்குவது எளிதன்று. ஆதலின் இரட்டை எனத் தெரிந்ததுமே, எங்கே பிரசவம், எப்போது புறப்படுவது என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரோடு கலந்து முடிவு செய்தல் நலம்.

அதற்கு முன்பே வீட்டில் பிறந்துவிட்டால்? உடனே 108-ஐ அழையுங்கள். இரண்டாம் குழந்தை குறுக்கே கிடக்கக்கூடும். தாய்க்கு உதிரப்போக்கும் மிகலாம். குழந்தைகளைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பில் அணைத்துப் போர்த்துங்கள். ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுங்கள். முதல் நாள் குளிப்பாட்டலாகாது. தொப்புளில் எதுவும் பூசலாகாது. மார்போடு அணைக்கும் இம்முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கி உலகெங்கும் பரவியது. தாய் களைத்தால் தந்தையும் ஒரு பிள்ளையை அணைக்கலாம். எல்லாம் நலமெனத் தோன்றினும், மூவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

அங்கே ஏட்டில் ஒரு குறி எழுதுவர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பத்தாம் திருத்தத்தில், ஆஸ்பத்திரியில் பிறந்த இரட்டையருக்கு ‘இசட் 38.3’, வெளியே பிறந்தோருக்கு ‘இசட் 38.4’, மூவரோ அதற்கு மேலோ வெளியே பிறந்தால் ‘இசட் 38.7’. எடை இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் ‘பி 07’ என்ற தனிக்குறியும் உண்டு. இது வெறும் எழுத்து வேலையன்று. வெளியே பிறந்த சிசுவுக்கு வைட்டமின் ‘கே’ ஊசியும், 24 மணி நேரத்திற்குள் போடவேண்டிய மஞ்சள்காமாலைத் தடுப்பூசியும் கிடைத்திரா. பிறந்தபோது எடையும் பார்த்திரார். ஆகவே எங்கே, எந்நேரத்தில், எது முதலில் பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்திற்கு இதில் இடமில்லை.

அடுத்தது சர்க்கார் பதிவு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, வீட்டில் நிகழ்ந்த பிறப்பை அறிவிப்பது குடும்பத் தலைவரின் கடமை. கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாட்களுக்குள் அறிவித்தால் கட்டணம் இல்லை. பெயர் சூட்டும் வரை காத்திருக்க வேண்டா. ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் படிவம் நிரப்பி, குறிப்புப் பத்தியில் ‘இரட்டைப் பிறப்பு’ என எழுதவேண்டும்.

உயிரோடு பிறந்த ஒரு குழந்தை பின்னர் மறைந்துவிட்டாலும், அதன் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்தே ஆகவேண்டும். துயரத்தில் பலர் விட்டுவிடும் வரி இதுவே. அவ்வரி எழுதப்பட்டால்தான், எந்த மலையில் எத்தனை சிசுக்கள் ஏன் இறந்தன என்பது வெளிப்படும். அடுத்த தாய்க்கு வேண்டிய உதவியைக் கேட்டுப்பெற நமக்கும் ஆதாரம் கிட்டும்.