முதலில் நகல்... அப்புறம் ஸ்குரூ டிரைவர்!

குட்டீஸ்... கம்ப்யூட்டரில் கேம் விளையாட ஆசையாக உட்காருகிறீர்கள். திரையில் வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... எழுந்து போய் தண்ணீர் குடித்து விட்டு வந்தாலும், சுற்றிக்கொண்டே இருக்கிறது! சரி, வேறு ஒரு புது கேமை ஏற்றலாம் என்றால், 'இடம் இல்லை' என்று கையை விரிக்கிறது கம்ப்யூட்டர்.

உடனே, "அப்பா... புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்க!" என்று அடம் பிடிக்காதீர்கள். பல நேரங்களில் கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. உள்ளே தகவல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்கை மட்டும் மாற்றினாலே போதும்.

அதை எப்படி மாற்றுவது? மாற்றும்போது எதில் ஏமாந்து விடக் கூடாது? வாருங்கள், பார்க்கலாம்.

ஒரு டன் டிஸ்க்!

உலகின் முதல் ஹார்ட் டிஸ்கை, 1956ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. அதற்குள், ஒவ்வொன்றும் 2 அடி அகலமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. எடை, ஏறத்தாழ ஒரு டன். இவ்வளவு பெரிய இயந்திரத்தில் எத்தனை எழுத்துகளைச் சேமிக்கலாம் தெரியுமா? வெறும் 50 லட்சம்! இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்குக் கூட, அந்த இடம் போதாமல் போகலாம்.

பின்னர் வந்த ஹார்ட் டிஸ்குகள் கைக்கு அடக்கமாகி விட்டன. ஆனால், வேலை செய்யும் விதம் அதேதான். தட்டு சுழல வேண்டும். அதன் மேல் ஒரு குட்டிக் கை அங்குமிங்கும் நகர்ந்து, தகவலைத் தேடிப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க், ஒரு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. அப்படியும், கேம் கேட்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கோப்புகளைத் தேடி எடுப்பதற்குள் மூச்சு வாங்கி விடுகிறது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது, 'பிளாஷ்' நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூஜியோ மசுவோகா என்ற பொறியாளர், 1980களில் இதை உருவாக்கினார். இதில் சுழலும் தட்டு இல்லை. நகரும் கை இல்லை. கோடிக்கணக்கான குட்டி அறைகளில் மின்சாரத்தைப் பூட்டி வைத்து, அதையே தகவலாகப் படிக்கிறது. பிளாஷ் நினைவகத்தால் செய்யப்பட்ட டிஸ்குக்குத் தான், எஸ்.எஸ்.டி. என்று பெயர்.

எத்தனை வேகம்?

ஒரு கேம், 50 ஜி.பி. என்று வைத்துக் கொள்ளுங்கள். நொடிக்கு 100 எம்.பி. படிக்கும் ஹார்ட் டிஸ்க், அதை முழுவதுமாகப் படித்து முடிக்க 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். நொடிக்கு 500 எம்.பி. படிக்கும் 'சாட்டா' வகை எஸ்.எஸ்.டி.க்கு 100 நொடி போதும். நொடிக்கு 3,000 எம்.பி. படிக்கும் 'என்.வி.எம்.இ.' வகைக்கோ, சுமார் 17 நொடி தான்!

ஆனால், ஒன்றை மறக்காதீர்கள். கேம் திறப்பது என்றால் டிஸ்கைப் படிப்பது மட்டும் இல்லை. சுருக்கி வைத்த படங்களைப் பிரித்து அடுக்க வேண்டும். அது, பிராசசரின் வேலை. அதனால், ஹார்ட் டிஸ்கில் இருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது பெரிய வித்தியாசம் தெரியும். ஒரு வகை எஸ்.எஸ்.டி.யில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, அவ்வளவு தெரியாது. அதிக வேகத்துக்கு அதிகப் பணம் கொடுக்கும் முன், அப்பா, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்!

மண்டை ஓட்டுப் பெட்டி!

கேம் கம்ப்யூட்டர் என்றால் பெரிய பெட்டியாகத் தான் இருக்க வேண்டுமா? இல்லை. 2018ல் இன்டெல் நிறுவனம், 'ஹேடஸ் கேன்யன்' என்ற குட்டி கம்ப்யூட்டரை வெளியிட்டது. நீளம் 22 செ.மீ., அகலம் 14 செ.மீ., உயரம் 4 செ.மீ., அவ்வளவு தான்... ஒரு தடித்த புத்தகம் அளவு! மேல் மூடியில் ஒரு மண்டை ஓடு. கம்ப்யூட்டரை இயக்கினால், அது வண்ண விளக்கில் ஒளிரும்!

இந்தப் பெட்டிக்குள், சுழலும் ஹார்ட் டிஸ்கை வைக்க இடமே கிடையாது. அதற்குப் பதில், 'எம்.2' என்ற வகை எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு இடங்கள் உள்ளன. எம்.2 டிஸ்க், 22 மி.மீ., அகலமும், 80 மி.மீ., நீளமும் கொண்ட மெல்லிய பட்டை.

புது டிஸ்க் வாங்கும் முன், மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

* நீளம்: 80 மி.மீ., டிஸ்குக்கு, '2280' என்று பெயர். 30 மி.மீ., நீளமுள்ளது, '2230'. கையில் பிடித்து விளையாடும் 'ஸ்டீம் டெக்' கருவிக்கு இந்தக் குட்டி வகை தான் பொருந்தும். நீளம் தவறினால், பொருத்தவே முடியாது.

* வகை: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் எதை ஏற்கும் என்று, அதன் கையேட்டில் பார்க்க வேண்டும்.

* அளவு: '1 டி.பி.' என்று வாங்கிய டிஸ்க், கம்ப்யூட்டரில் 931 ஜி.பி. என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ், 1,024 ஆக எண்ணுகிறது. இடம் எங்கும் போய் விடவில்லை!

ஒரே ஒரு தவறான கிளிக்!

இப்போது தான், முக்கியமான கட்டம்.

பழைய டிஸ்கில் உள்ளதை, அப்படியே புது டிஸ்குக்கு மாற்றும் மென்பொருட்கள் உள்ளன. அவை இரண்டு கேள்விகள் கேட்கும். எதில் இருந்து எடுக்க வேண்டும்? எதில் எழுத வேண்டும்? இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி விட்டால், காலியான புது டிஸ்க், பழைய டிஸ்கின் மேல் நகலாகி விடும். இருந்ததெல்லாம் போயே போச்சு!

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இப்படித் தான் நடந்தது. கல்லூரியில் படிக்கும் அண்ணன், அவசரத்தில் மாற்றிச் சொல்லி விட்டான். கேம்களை இன்டர்நெட்டில் இருந்து மீண்டும் இறக்கிக் கொண்டார்கள். இரண்டே நாளில் எல்லாம் திரும்பி விட்டன. ஆனால், பாட்டி கதை சொல்வதை தங்கை எடுத்து வைத்திருந்த வீடியோ, அந்த டிஸ்கில் மட்டும் தான் இருந்தது. பாட்டி இப்போது இல்லை. அதை எந்தக் கடையில் வாங்குவது?

அதனால், ஸ்குரூ டிரைவரைத் தொடும் முன், புகைப்படங்கள், வீடியோக்கள், பள்ளிப் பாடங்கள், கேமில் நீங்கள் கடந்து வந்த கட்டங்கள் எல்லாவற்றையும், தனியாக வேறு ஒரு டிஸ்கில் நகல் எடுங்கள். நாலைந்தைத் திறந்து பார்த்து, சரியாக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். பிறகு, அந்த டிஸ்கைக் கழற்றி, அலமாரியில் வைத்து விடுங்கள். கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாத டிஸ்கை, எந்தத் தவறான கிளிக்கும் தொட முடியாது!

பொருத்துவது எப்படி?

வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு தான், இதைச் செய்ய வேண்டும்.

1. கம்ப்யூட்டரை முழுவதுமாக அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்குங்கள்.

2. தரையோடு மின் தொடர்புள்ள ஓர் உலோகப் பொருளைத் தொடுங்கள். ஏன் தெரியுமா? தலை வாரிய சீப்பு, காகிதத் துண்டுகளை இழுக்கிறதே... அதே நிலை மின்சாரம் உங்கள் விரலிலும் இருக்கலாம். சிப்புகளுக்கு அது ஆபத்து.

3. மூடியின் திருகாணிகளைக் கழற்றி, ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஹேடஸ் கேன்யனில், மண்டை ஓட்டு விளக்குக்கான மெல்லிய இணைப்பு அங்கே தான் இருக்கிறது.

4. எம்.2 டிஸ்கின் ஓரத்தை மட்டும் பிடித்து, சாய்வாகச் செருகுங்கள். மறுமுனை, சாய்வு நாற்காலி போல் தூக்கிக் கொண்டு நிற்கும். மெதுவாக அழுத்திப் படுக்க வைத்து, குட்டித் திருகாணியை முடுக்குங்கள். இறுக்கினால் போதும், நெரிக்க வேண்டாம்!

இரண்டு இடம் உள்ள பெட்டியில், பழையதும் புதியதும் அருகருகே இருக்க, உள்ளேயே நகல் எடுத்து விடலாம். ஒரே இடம் உள்ள கம்ப்யூட்டர் என்றால், புது டிஸ்கை யு.எஸ்.பி. உறைக்குள் வைத்து, முதலில் நகல் எடுக்க வேண்டும். பிறகு இடம் மாற்ற வேண்டும். நகல் எடுக்கும் மென்பொருளில், டிஸ்கின் பெயரையும் அளவையும் வாய் விட்டுப் படித்து, பெரியவர் "சரி" என்ற பிறகே கிளிக் செய்யுங்கள்.

பழைய டிஸ்கை உடனே அழித்து விடாதீர்கள். ஒரு மாதமாவது அப்படியே இருக்கட்டும். புதியது ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, பார்த்துக் கொள்ளலாம். ஆனால், எஸ்.எஸ்.டி.யைப் பல ஆண்டுகள் மின்சாரமே காட்டாமல் பெட்டியில் போட்டு வைத்தால், அதில் பூட்டி வைத்த மின்சாரம் மெல்லக் கசிந்து, தகவல் அழிந்து போகலாம். அவ்வப்போது இணைத்துப் பாருங்கள்.

என்ன குட்டீஸ்... புது டிஸ்க் வாங்கக் காசு சேர்க்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும். ஆனால், நகல் எடுப்பதை இன்றே செய்யலாமே! உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் புகைப்படங்கள் எவை என்று, இன்று மாலை அம்மாவுடன் உட்கார்ந்து தேடிப் பாருங்களேன்!