சதி என்றார்கள், மேகம் என்றது விசாரணை

2021 டிசம்பர் 8 அன்று காலை 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூரை அடுத்த காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்து எரிந்ததில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். அதே ஹெலிகாப்டரில் பயணித்து, ஒரு வாரம் உயிருக்குப் போராடிய விமானப்படை அதிகாரி வருண் சிங்கும் பிறகு இறந்தார். கறுப்புப் பெட்டி கிடைத்ததே மறுநாள்தான். அதற்குள் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: சீனாவின் சதி, புலிகளின் பழிவாங்கல், உள்ளேயே யாரோ கைவைத்தது. யூகங்களைத் தவிர்க்கும்படி டிசம்பர் 10 அன்று விமானப்படையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், முக்கியமான தடயம் எல்லோர் கையிலும் இருந்தது. மலை ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் செல்போனில் எடுத்த சில நொடிப் படம் அது. ஹெலிகாப்டர் தாழப் பறந்து வருகிறது, வெள்ளை மூட்டத்துக்குள் நுழைகிறது, மறைகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஆனால் மேகத்தைக் காரணமாக ஏற்க மனம் வரவில்லை. படமெடுத்தவர்கள் மீதே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. செத்தவர் நாட்டின் தலைமைத் தளபதி என்றால் கொன்றதும் அதற்கேற்ற பெரிய கையாக இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். சமவெளியின் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்தால் குன்னூர்ப் பள்ளத்தாக்கு சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். அங்கே பஸ் ஓட்டுபவருக்கும் இது தெரியும். ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையிலான முப்படை விசாரணை, 37 நாள் கழித்து 2022 ஜனவரி 14 அன்று வெளியான முதற்கட்ட முடிவில், நாசவேலை, இயந்திரக் கோளாறு, அலட்சியம் மூன்றையும் மறுத்தது. எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் சிக்கியது. விமானிக்குத் திசையும் நிலையும் பிடிபடாமல், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த இயந்திரம் மலையில் மோதியது என்றது.

சந்தேகப்படுவது குடிமகனின் உரிமையல்லவா? உரிமைதான். நாசவேலையா என்று விசாரணைக் குழுவும் கேட்டது. பதில் தெரியும்வரை கேள்வியைக் கேள்வியாகவே வைத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காகப் பதிவு போட்டவர்களைக் கைது செய்வதும் சரியல்ல. அப்படிக் கைதான ஒரு யூடியூபர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் சில நாளிலேயே ரத்து செய்தது. 2024-இல் நாடாளுமன்றக் குழு அறிக்கை இதே விபத்தை ‘மனிதப் பிழை’ என்று வகைப்படுத்தியதே, அரசே மாற்றிப் பேசுகிறதே என்றும் கேட்கலாம். திசை தடுமாறியதும் அந்த வகைக்குள்தான் வரும். ஆனால் விளக்கமில்லாத இரண்டே சொற்கள், இறந்துபோன விமானி மீது இன்னொரு அவசரத் தீர்ப்புக்கு வழி விடுகின்றன.

ஆகவே மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிவில் விமான விபத்துகளில் 30 நாளுக்குள் முதற்கட்ட அறிக்கை தர வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. ராணுவ விமானங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரகசியம் போக மிச்சமுள்ளதையாவது அதே கெடுவுக்குள் விரிவாகச் சொல்ல பாதுகாப்பு அமைச்சகம் முன்வர வேண்டும்.