திரையில் தெரியாத செய்தி



சில வருடங்களுக்கு முன் எனது உம்மாவுக்கு நியூமோனியா கண்டது. தெமோதரையிலிருந்து வேன் பிடித்துக் கொண்டுபோய் வைத்தியசாலையில் சேர்த்தோம். மறுநாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். முகத்தில் ஒட்சிசன் மூடி. தலைமாட்டுத் திரையில் 96 என்ற இலக்கம். இரத்தத்தில் ஒட்சிசன் போதுமானளவு இருக்கிறது என்பது அதன் பொருள். நானும் நிம்மதியாக தஸ்பீஹ் ஓதிக்கொண்டு நின்றேன்.

கடமையிலிருந்த தாதி, சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. திரையை மட்டும் பார்த்துவிட்டு அவர் போய்விடவில்லை. போர்வையை விலக்கி, மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். 28.

“ஹஸரத், உம்மா எப்பவும் இப்படிப் பேசாமலா இருப்பாங்க?”

“இல்ல மகள், வாய் ஓயாதே” என்றேன்.

உடனே டொக்டரை அழைத்தார்.

வளர்ந்தவர் ஒருவர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுவார். நோய் முற்றும்போது உடல் வேகமாக மூச்சிழுத்து ஒட்சிசனைச் சமாளிக்கும். மூடி வழியாக வருவதும் கைகொடுக்கும். ஆகவே இலக்கம் நன்றாகவே தெரியும். மூச்சிழுக்கும் தசைகள் களைத்த பிறகுதான் அது சரியும். அப்போது நேரம் கடந்திருக்கும். 2012இல் பிரித்தானியாவில் வெளியிடப்பட்ட எச்சரிக்கைப் புள்ளி முறையில், மூச்சு 25ஐ எட்டினால் அதற்கு மாத்திரமே உச்சப் புள்ளியான 3 கிடைக்கும்.

இதை அவர் எப்படிக் கற்றார்? புத்தகத்தை மனனம் செய்து அல்ல. மத்ரஸாவிலும் இதைக் காண்கிறேன். சட்டநூலை வரி பிசகாமல் ஒப்புவிக்கும் மாணவர், ஒரு பெண் வந்து தன் வீட்டுப் பிரச்சினையைச் சொன்னால் திகைத்து நிற்பார். எந்த வரி இங்கே பொருந்தும் என்பது வரியில் எழுதியிருப்பதில்லையே!

அமெரிக்கத் தாதியியல் ஆசிரியை பற்றீஷியா பென்னர், புதியவர் ஒருவர் தேர்ந்த தாதியாவதற்கு ஐந்து படிகள் உண்டென 1984இல் எழுதினார். 2006இல் கிறிஸ்டின் டனர் அந்த ஆற்றலை நான்காகப் பிரித்துக் காட்டினார்: கவனித்தல், பொருள் காணல், செயற்படல், பின்னர் மீட்டிப் பார்த்தல். கற்பிப்பவர்கள் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, நாடியையும் மூச்சையும் மாற்றிக்கொண்டே போவார்கள். “இப்போது என்ன நினைக்கிறீர்? அடுத்த ஒரு மணி நேரத்தில் எது நடக்குமென்று பயப்படுகிறீர்?” என்று கேட்பார்கள். மாணவி தன் யோசனையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிழைத்தால் ஏச்சு இல்லை. எங்கே பிழைத்தது என்று சேர்ந்திருந்து பேசுவார்கள். (எங்கள் பிரம்புக் காலத்தை நினைத்துக்கொண்டேன்.)

நமது நாட்டிலும், தீவிர சிகிச்சைத் தாதியருக்குத் தாதியரே கற்பிக்கும் குறுகிய செயல்முறைப் பயிற்சி ஒன்று உருவாக்கப்பட்டு, அதன் பெறுபேறுகள் 2015இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளிவந்தன. இந்தப் பணி நமக்குப் புதிதுமல்ல. அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஅத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் அடித்த கூடாரத்தில் பராமரித்தவர் ருபைதா (ரலி) என்ற பெண்மணியே.

சகோதரிகளே, டனர் இன்னொன்றும் சொல்கிறார்: நோயாளி வழமையில் எப்படிப்பட்டவர் என்பதை அறிந்தால்தான் மாற்றம் கண்ணில் படும். மலைநாட்டில் நோயாளியின் பாஷை தாதிக்கு விளங்காத சந்தர்ப்பங்களும் உண்டு. அதனால் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்த மொழியில், முடியாவிட்டால் சைகையிலாவது சொல்லுங்கள்: “இவர் இப்படித் தூங்குகிறவர் அல்ல”, “நேற்று என்னை அடையாளம் கண்டார், இன்று இல்லை.”

உம்மா பதினோராம் நாள் வீடு வந்தார். வந்ததும் முதல் வேலையாக, அந்தப் பிள்ளைக்குத் தொதல் கிண்டச் சொன்னார்.