மணற்பாறையில் பல்கட்டப் பாய்வும் வெப்பநிலையும்

மணல் அல்லது மணற்பாறையின் நுண்துளைகள் வழியாக நீர், எண்ணெய், வளிமம் ஆகியவற்றுள் இரண்டோ மூன்றோ ஒன்றோடொன்று கலவாமல் ஒரே நேரத்தில் செல்வது பல்கட்டப் பாய்வு எனப்படும். இப்பாய்மங்கள் ஒரே துளைவெளிக்குப் போட்டியிடுகின்றன. வெப்பநிலை மாறினால் அப்போட்டியில் எது முந்தும் என்பதும் மாறும்.

பாகுநிலையின் பங்கு

மணல் வழியே நீர் பாயும் விதியை என்றி டார்சி 1856-இல் வெளியிட்டார். பல பாய்மங்களுக்கு அவ்விதி விரிவாக்கப்பட்டபோது, ஒவ்வொன்றின் வேகமும் அதன் பாகுநிலைக்கு எதிர்விகிதத்தில் அமைந்தது. வெப்பம் நீர்மங்களின் பாகுநிலையைக் குறைக்கும்; ஆனால் எல்லாவற்றிலும் ஒரே அளவில் அன்று. 20 பாகை செல்சியசிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்கினால் நீரின் பாகுநிலை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது; விளக்கெண்ணெயினுடையதோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே சூடான மணலில் எண்ணெய்க்கே ஆதாயம் அதிகம். குளிர்ந்த மணலில் இளக்கமான நீர், கெட்டியான எண்ணெயை விரல்கள் போல ஊடுருவிக் கடந்துவிடும், எண்ணெய் பின்தங்கிவிடும்.

இந்திய எடுத்துக்காட்டுகள்

குஜராத்தின் மெகசானா பகுதியிலுள்ள பலோல், சந்தால் வயல்களில் கிடைப்பது கெட்டியான எண்ணெய். அதை நீர் எளிதில் முந்திவிடுவதால் பெரும்பகுதி பாறையிலேயே தங்கியது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் பலோலில் 1990-இல் ஒரு முன்னோட்டத்தைத் தொடங்கியது. 1997 முதல் அது வணிக அளவில் விரிந்தது. காற்றை உட்செலுத்தி, பாறைக்குள் எண்ணெயின் ஒரு சிறு பகுதியை எரிப்பதே இம்முறை. எரிமுனையின் வெப்பம் முன்னுள்ள எண்ணெயை இளக்கி உற்பத்திக் கிணறுகளை நோக்கித் தள்ளுகிறது.

2004-இல் கண்டறியப்பட்டு 2009-இல் உற்பத்தி தொடங்கிய இராசத்தானின் மங்களா வயலில் சிக்கல் வேறு. அங்குள்ள எண்ணெயில் மெழுகு மிகுதி. படுகையின் வெப்பநிலை சுமார் 65 பாகை. அதிலிருந்து சில பாகைகள் இறங்கினாலே மெழுகு பிரியத் தொடங்கும். குளிர்ந்த நீரைச் செலுத்தினால் மெழுகு துளைகளை அடைத்துவிடக்கூடும். எனவே அங்கு வெந்நீர் செலுத்தத் திட்டமிடப்பட்டது. நிலத்தின் மேலும் தொல்லை தீரவில்லை: எண்ணெயைக் கொண்டுசெல்லும் நெடுங்குழாயையே வழிநெடுகச் சூடேற்ற வேண்டியுள்ளது.

தீராத கேள்வி

வெப்பம் பரப்பு இழுவிசையையும் சற்றுக் குறைக்கிறது; மணல்துகளை எப்பாய்மம் நனைக்கும் என்பதையும் மாற்றக்கூடும். அப்படியானால், ஒரு பாய்மத்துக்குப் பாறை எந்த அளவு வழிவிடுகிறது என்பதைக் குறிக்கும் சார்பு ஊடுபுகுதிறனும் வெப்பநிலையால் மாறுமா? 1960-களின் ஆய்வுகள் சில மாறும் என்றன. மில்லர், ரேமி ஆகியோர் தளர்மணலிலும் மணற்பாறையிலும் சோதித்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. முன்பு கண்ட மாற்றங்களுட் பல, சீரற்ற இடப்பெயர்ச்சி, மாதிரியின் முனையில் நீர் தேங்குதல் போன்ற சோதனைக் குறைகளால் தோன்றியிருக்கலாம் என அவர்கள் கருதினர். விவாதம் இன்னும் முடியவில்லை. பாகுநிலை மாற்றத்தின் விளைவையும் பாறையின் விளைவையும் ஒரே சோதனையில் தனித்தனியே பிரித்தறிவது கடினம் என்பதே அதற்கு முதற்காரணம்.