பழைய துப்பாக்கி: வைத்திருப்பதா, பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

தமிழ்ச் சங்க இதழில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நாக்பூரைச் சுற்றிக் காட்டோல், உம்ரேட் பக்கங்களில் நிலம் வாங்கி ஆரஞ்சும் துவரையும் சோயாவும் போட்டிருக்கும் அன்பர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் மூன்று மாத உழைப்பு ஒரே இரவில் போய்விடும். நீலான் மாடு வந்தால் வேலியையும் தாண்டும். இன்னும் சிலருக்கு ஊரில் அப்பாவோ மாமனாரோ வைத்துவிட்டுப் போன இரட்டைக் குழல் துப்பாக்கி பீரோவில் கிடக்கிறது. ரயில்வே பணிமனையில் இருந்தவன் என்பதால், "ஸார், இதைப் பழுது பார்த்தால் தேறுமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

எந்த இயந்திரத்துக்கும் ரயில்வேயில் மூன்று வழிகள்தான். அப்படியே ஓட விடுவது, பணிமனைக்கு அனுப்பி ஓவர்ஹால் செய்வது, கண்டம் செய்துவிட்டுப் புதியது வாங்குவது. ஆனால் இரும்பைத் தட்டிப் பார்க்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது ஓடப் பாதை இருக்கிறதா? நம் நாக்பூர் - சிந்த்வாரா நேரோகேஜ் பாதையை 2015இல் அகலப்பாதையாக்க மூடினார்கள். அதன் பிறகு எஞ்சின் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அந்தத் தடத்தில் அதற்கு வேலை இல்லை. துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான்.

வேலை இருக்கிறதா?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டை என்ற பொழுதுபோக்கை முடித்துவிட்டன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றியும் நீலானும் இரண்டாம் அட்டவணையில் உள்ளன. பயிரை அழித்தாலும் நாமாகச் சுட முடியாது. சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ காரணம் காட்டி எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். சுட்ட விலங்கும் அரசாங்கத்தின் சொத்து. இறைச்சியில் நமக்குப் பங்கில்லை. 2015 டிசம்பரில் பீஹாரின் சில மாவட்டங்களில் செய்தது போல, மத்திய அரசு ஒரு விலங்கைத் தீங்கு செய்வது என்று அறிவித்தால்தான் நிலைமை வேறு. அந்த அறிவிப்புக்கும் இடமும் காலமும் வரையறுத்திருக்கும்.

இங்கே நம்மைச் சுற்றி பெஞ்ச், உம்ரேட் - கர்ஹாண்ட்லா, போர் என்று காடுகள். சரணாலயத்திலோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ வசிப்பவர் ஆயுத உரிமம் வைத்திருந்தால் வனத்துறையிலும் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புது உரிமம் கிடைப்பதும் அவர்கள் சம்மதித்தால்தான். ஆகவே நிலம் எங்கே இருக்கிறது என்று முதலில் வரைபடத்தில் அளந்து பாருங்கள். பயிர் நஷ்டத்துக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. மனுவை உடனே கொடுத்துவிட வேண்டும்.

இரும்பு தேறுமா?

வேலை உண்டு என்று உறுதியானால் பொருளைப் பார்க்கலாம். தோட்டா உள்ளே இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உட்சுவரில் வட்டமாக நிழல் விழுந்தால் அங்கே நெளிவோ வீக்கமோ இருக்கிறது. சிறு குழிகள் ஆழமாக இருந்தால் குழல் போய்விட்டது என்று அர்த்தம். இரட்டைக் குழலை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு லேசாகத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் இரு குழல்களையும் சேர்க்கும் பற்றவைப்பு விட்டிருக்கிறது. நம் வண்டிப் பரிசோதகர்கள் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்டார்களே, அதே வித்தை. மூடிய பின் கீலில் ஆட்டம் இருக்கக் கூடாது.

ஸ்பிரிங், ஊசி, விரிசல் விட்ட மரக்கட்டை ஆகியவற்றை மாற்றலாம், அது ஓவர்ஹால். குழல் கெட்டால் கண்டம்தான். பழைய சீமைத் துப்பாக்கி சிலவற்றில் இரும்பும் எஃகும் முறுக்கிய டமாஸ்கஸ் குழல் இருக்கும். அவை கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவுக்கு நம்ப முடியாது. இரண்டரை அங்குல அறையில் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா உள்ளே போய்விடும். வெடிக்கும்போது அழுத்தம் ஏறிவிடும். இவற்றைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் குழலைக் குறுக்கி வெட்டுவது தனிக் குற்றம்.

மாற்றுவதானால் எது?

பலருக்கும் ரைஃபிள் மேல் ஆசை. இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் நம் நாட்டில் பெயர் பெற்றது. அதற்குத் தொலைநோக்கி பொருத்தலாமா என்றும் கேட்கிறார்கள். ரைஃபிள் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரை எடுக்கும். பன்றி வருவதோ இரவில். பக்கத்து வயலில் காவலாள் படுத்திருப்பான், அதற்கப்பால் ரோடு. 12 போர் துப்பாக்கியின் சன்னங்களுக்கு நாற்பது கஜத்துக்குள்தான் பலம். சில நூறு கஜத்தில் வேகம் அடங்கிவிடும். சமவெளியில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், அந்தக் குறையே அதன் குணம். நல்ல 12 போர் கையில் இருக்கும்போது அதைக் கொடுத்து ரைஃபிள் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்து யார் கையில்?

இதுவே முக்கியமான கேள்வி. பெரும்பாலோர் கேட்காததும் இதுவே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் காலமானால் துப்பாக்கி தானாக மகனுக்கு வந்துவிடாது. தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். எழுபது வயதானவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசைக் குறிப்பிட்டு மாற்றிக் கொடுக்கவும் 2016ஆம் ஆண்டு விதிகளில் வழி உண்டு. அதைச் செய்து வைப்பது குடும்பத்துக்கு உபகாரம்.

ஊரில் பூட்டிய வீட்டில், காலாவதியான உரிமத்தோடு கிடக்கும் துப்பாக்கி தகப்பனார் நினைவு அல்ல, அது வழக்கு. திருடு போனால் இன்னும் கெட்டது. பிள்ளைகள் பெங்களூரிலும் புனாவிலும் இருக்க, யாருக்கும் நிலமும் இல்லை, விருப்பமும் இல்லை என்றால் முறைப்படி ஒப்படைத்தோ விற்றோவிடுவதே சரி. நினைவுக்கு அவர் துப்பாக்கியோடு நிற்கும் புகைப்படம் ஒன்று போதும்.

நாக்பூர் நகரில் உரிம விஷயங்களுக்குப் போலீஸ் கமிஷனர் அலுவலகம், கிராமப்புறத்தில் கலெக்டர் அலுவலகம். தமிழ்நாட்டில் வாங்கிய உரிமம் என்றால், அதில் எழுதிய எல்லையைப் படிக்காமல் துப்பாக்கியை ரயிலேற்றிக் கொண்டு வர வேண்டாம். இந்த வாரமே உரிமப் புத்தகத்தை எடுத்து, கடைசித் தேதியைப் பாருங்கள்.