பத்திரிகைச் சுதந்திரமும் பத்தாவது விதியும்

நம் நாட்டின் முதற்பத்திரிகை 1806ஆம் ஆண்டு மார்ச் மாதம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் தோன்றியது. ஆங்கில வார இதழாகிய அது அரசாங்கத்தின் இசைவு பெற்றே அச்சேறியது. அதிகாரிகள் விரும்பாத செய்தி வாசகர் கண்ணிற் படாது. 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ் ஐலண்ட் கெஜட்' என்னும் பெயரோடு அது 1827 வரை நடந்தது.

1835இல் பினாங்கு, கல்கத்தாவிலிருந்த கம்பெனி அரசாங்கத்திற்கு உட்பட்டிருந்தது. அவ்வாண்டு தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த சார்லஸ் மெட்காப், பத்திரிகைகளுக்கிருந்த தளைகளை நீக்கிச் சட்டம் இயற்றினார். அச்சிடுவோரும் வெளியிடுவோரும் தம் பெயரையும் இடத்தையும் மாஜிஸ்திரேட்டின்முன் பதிவு செய்தாற் போதும். அதே ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்த இதழொன்று 'பிரீ பிரஸ்' என்றே பெயர் சூட்டிக்கொண்டது. ஆனால், 1857இல் இந்தியாவில் கலகம் மூண்டதும் உரிமமுறை ஓராண்டுக்குத் திரும்பிற்று. சாதாரணச் சட்டம் தந்ததைச் சாதாரணச் சட்டமே பறித்தது. அரசியலமைப்பில் உரிமைகளை எழுதிவைப்பது ஏன் என்று கேட்பவர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

1957ஆம் ஆண்டு மெர்டேக்கா அரசியலமைப்பின் 10ஆவது விதி, ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமையும் கருத்து வெளியீட்டுரிமையும் உண்டு என்கிறது. 'பத்திரிகை' என்ற சொல் அதில் இல்லை. பத்திரிகையின் உரிமை குடிமகனின் உரிமைக்குள் அடக்கம். 'குடிமகன்' என்ற சொல்லை நம்மவர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டும். மெர்டேக்காவுக்குப் பின்னும் குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாளக் கார்டுடன் பால்மரம் சீவியவர் பலர். பிரட்டுக் களத்தில் அவர்கள் பேசினார்கள், பத்திரிகையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஆயினும் 10ஆவது விதி அவர்களைக் குறிக்கவில்லை.

அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணைக் குழு, இவ்வுரிமைக்கு 'நியாயமான' கட்டுப்பாடுகளை மட்டுமே விதிக்கலாம் என எழுதியது. குழுவின் பாகிஸ்தானிய உறுப்பினரான நீதிபதி அப்துல் ஹமீது அச்சொல்லை எதிர்த்தார். ஒவ்வொரு சட்டமும் நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயத் தொடங்கிவிடும் என்பது அவர் கவலை. அச்சொல் நீக்கப்பட்டது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றிற்காக, நாடாளுமன்றம் தேவையெனக் கருதும் கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றாயிற்று. ஒரு சொல்தானே என்று எண்ணலாகாது. நெடுங்காலம் சென்றபின், 2010ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த சிவராசா வழக்கின் தீர்ப்பில், கட்டுப்பாடு என்றால் நியாயமான கட்டுப்பாடு என்றே பொருள்கொள்ள வேண்டுமெனக் கூட்டரசு நீதிமன்றம் உரைத்தது. அது பத்திரிகை வழக்கன்று. வழக்கறிஞர் மன்றத் தேர்தல் தொடர்பானது.

அச்சக உரிமத்தின் கதை தனி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையடுத்து 1984ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1987 அக்டோபரில், பினாங்கில் 1971இல் பிறந்த 'தி ஸ்டார்' உட்பட மூன்று பத்திரிகைகள் உரிமம் இழந்து, மறு ஆண்டு மீண்டும் வெளிவந்தன. ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் முறை 2012இல் நீக்கப்பட்டது. உரிமம் பெறும் கடமை நீக்கப்படவில்லை.